பந்தயம் கட்டாத பந்தயங்கள்

நளன் கதை என்றதும் அன்னத்தின் தூதும், சுயம்வரமும், புட்கரனிடம் நாடிழந்த சூதும் நினைவுக்கு வருகின்றன. கதையின் பிற்பகுதியில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அயோத்தி மன்னன் இருதுபன்னன் விதர்ப்பத்துக்கு விரைகிறான். தேரோட்டுபவன், உருத் திரிந்து வாகுகன் என்ற பெயரில் அவனிடம் பணிசெய்யும் நளன். வழியில் நின்ற தான்றி மரம் ஒன்றைப் பார்த்த அளவிலேயே அதன் காய்களின் தொகையை மன்னன் சொல்லிவிடுகிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. உடனே அங்கு ஒரு பண்டமாற்று நடக்கிறது. மன்னன் எண்ணும் கலையையும் கவற்றின் மறையையும் கொடுக்கிறான். நளன் குதிரையின் உள்ளம் அறியும் கலையைக் கொடுக்கிறான்.

பழங்காலத்தில் தான்றிக்காய்களையே கவறாக உருட்டினார்கள் என்பதை நினைவிற் கொண்டால் இக்காட்சியின் பொருள் விளங்கும். நளனைக் கெடுத்த பொருளே அம்மரத்தில் கொத்துக்கொத்தாய்க் காய்த்துத் தொங்குகிறது. அதை ஒருவன் எண்ணிக் காட்டுகிறான். பின்னர் நளன் புட்கரனிடம் திரும்பிச் செல்கிறான். வியாசர் சொல்லும் கதையில் ஒரே ஒரு ஆட்டம்தான், போனதெல்லாம் திரும்புகிறது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது, "சூது தீது என்றால் சூதாலேயே நாட்டை மீட்பது எப்படிச் சரி?" என்று கேட்கும் மாணவர் எல்லா ஆண்டும் ஒருவர் இருப்பார். நியாயமான கேள்விதான். ஆயினும், நம்மை அதிகம் கவர்வது வேறொன்று. முதற்சூதில் தோற்கத் தோற்க ஆடிக்கொண்டேயிருந்தவன், இரண்டாம் சூதுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான்.

குதிரைப் பந்தயத்தில் பணம் வைத்து வென்றவர்களின் வரலாற்றைப் படிக்கையில் இந்தப் பழங்கதை மீண்டும் மீண்டும் குறுக்கே வருகிறது. அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருடைய வாழ்க்கைக் குறிப்புகளைப் புரட்டினால், அவர்கள் எந்தப் பந்தயங்களில் பணம் வைத்தார்கள் என்பதைக் காட்டிலும், எவற்றில் வைக்கவில்லை என்பதே முதன்மையாகத் தெரிகிறது. இதைப் பொறுமை என்கிறார்கள். ஆனால் பொறையுடைமை என்று வள்ளுவர் சொல்வது இதுவன்று; அது பிறர் செய்ததைத் தாங்குதல். பந்தயக்காரனின் பொறுமை காலமறிதல் என்ற அதிகாரத்தைச் சேர்ந்தது. கொக்கின் உவமை வருவது அங்கேதான். சூதுக்கென்று தனி அதிகாரம் வகுத்துக் கடிந்தவர், இந்த உறவை ஏற்பாரா என்பது வேறு வழக்கு.

இனி ஆட்களைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1862இல் பிறந்தவர் ஜார்ஜ் ஸ்மித். பிட்ஸ்பர்க் நகரில் தக்கை வெட்டும் தொழிலாளியாக இளமையைக் கழித்தார். அக்காலத்தில் அந்நகரில், தந்தி வழியாக வெளியூர்ப் பந்தயங்களின் முடிவுகளை வரவழைத்துப் பணயம் வாங்கும் கூடங்கள் இருந்தன. கூடத்துக்கு வருபவர்கள் கூவுவார்கள், குடிப்பார்கள், தோற்றுத் திரும்புவார்கள். ஸ்மித் அங்கே உட்கார்ந்து, எந்தக் குதிரை எவ்வளவு தூரத்தை எவ்வளவு நேரத்தில் ஓடியது, எவ்வளவு எடை சுமந்தது என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினார். இன்று இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் குதிரைகளின் பழைய ஓட்டங்களைத் தொகுத்துத் தரும் 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' நாளிதழ் சிக்காகோவில் தொடங்கப்பட்டதே 1894இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய சொந்தக் குறிப்பேடு இருந்தது. தான்றிக்காயை எண்ணிய வேலைதான் இதுவும்.

1880களின் நடுவில் அவர் சிக்காகோவுக்குப் போனார். அங்கே ஸ்மித்துகள் மிகுதி என்பதால் 'பிட்ஸ்பர்க் ஃபில்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு நியூயார்க். அங்கேதான் அவர் பெரும் பந்தயக்காரரானார். வென்றாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொன்னது. புக்கிகள் அவர் கையைக் கண்காணித்தார்கள். அவர் ஒரு குதிரையை விரும்புகிறார் என்று தெரிந்த நொடியில் அதற்கான விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே அவர் ஆட்களை வைத்துப் பணயம் கட்டினார். அந்த ஆட்களையும் அடிக்கடி மாற்றினார்.

அவர் 1905இல் காசநோயால் இறந்தார். விட்டுச்சென்றது முப்பது லட்சம் டாலருக்கு மேல். பந்தயத்தில் பணம் வைத்தவன் செல்வனாகச் செத்தான் என்பதே அன்றைய அமெரிக்கச் செய்தித்தாள்களுக்குப் பெருஞ்செய்தி. அவருடன் உரையாடித் திரட்டியவற்றை எட்வர்டு கோல் என்பவர் 1908இல் நூலாக்கினார். தமிழில் நீதிநூல் படித்துப் பழகியவர்களுக்கு அந்நூலின் அமைப்பு அந்நியமாக இராது. சிறு சிறு வாக்கியங்களாகப் பின்பற்றத்தக்க விதிகள்; இடையிடையே சில நினைவுகள். அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டு பண்புகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒருபுறம், தன் முடிவைத் தானே எடுக்க வேண்டும், யார் எதைச் சொன்னாலும் அதிலிருந்து அசையக்கூடாது. மறுபுறம், பந்தயத்துக்குச் சற்றுமுன் குதிரையை நேரில் பார்த்து, அது வியர்த்துப் பதறுகிறதா, உடல் நிலை சரியா என்று கவனித்து, இரவெல்லாம் எழுதிய கணக்கை அந்த நொடியில் தூக்கியெறியவும் தயங்கக்கூடாது. குதிரை சுமக்கும் எடையைவிட அதன் அன்றைய உடல்நிலையே பெரிது என்பது அவர் கருத்து. மேம்போக்காகப் பார்ப்பவருக்கு இவை முரணாகத் தோன்றும். ஆனால் அவர் அசையாமல் நின்றது பிறர் பேச்சுக்கு எதிரே; அசைந்து கொடுத்தது குதிரைக்கு. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் (இது பந்தயத்தைப் பற்றி மட்டும் சொன்னதன்று).

இன்னொன்றும் அந்நூலில் உண்டு. குதிரை நல்லதா என்பது பாதிக் கேள்விதான். கொடுக்கும் விகிதம் தக்கதா என்பது மறுபாதி. எப்போதும் குறைந்த விகிதத்துக்கு ஒப்புக்கொள்பவன், குதிரைகளை எவ்வளவு நன்றாக அறிந்தாலும், முடிவில் தோற்பான். பிட்ஸ்பர்க்கில் அவருடைய கல்லறையில், கையில் பந்தயத் தாளோடு அவர் சிலையாக நிற்கிறார்.

ஸ்மித் ஆடியது புக்கிகளோடு. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விகிதம் சொல்லி, யார் வந்தாலும் பணயம் வாங்கும் அந்தத் தொழிலை 1790களில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் ஆக்டன் என்பவர் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதற்கு முன் பந்தயம் என்பது இரண்டு பிரபுக்களுக்கிடையே நடக்கும் சவால். 1855இல் கடற்படை அதிகாரி ஹென்றி ரௌஸ் அந்நாட்டு ஜாக்கி கிளப்பின் எடை நிர்ணயிப்பாளரானார். வயதுக்கேற்ற எடை அளவையை வகுத்தவர் அவர். வலிமையான குதிரைக்கு அதிக எடை, மெலிந்ததற்குக் குறைந்த எடை என்று ஏற்றி, எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும்படி செய்வதே அத்தகைய பணியின் இலட்சியம். அதாவது, ஒருவர் தம் திறமை முழுவதையும் செலவிட்டு, முடிவை யாரும் ஊகிக்க முடியாதபடி ஆக்குகிறார். திறமை வேறு, தற்செயல் வேறு என்று கோடு கிழிப்பவர்கள் இந்த மனிதரை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்? இக்கேள்வி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பாரிசில் 1860களில் ழொசேப் ஒல்லேர் வேறொரு வழி கண்டார். (பின்னாளில் 1889இல் மூலான் ரூஷ் ஆட்டக் கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இவரே, மனிதர்கள் பணத்தை எங்கே இழக்க விரும்புவார்கள் என்பதை நன்கறிந்தவர்.) அவர் முறையில் புக்கி இல்லை. எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேரும்; நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்டபின், மீதி வென்ற குதிரைமேல் வைத்தவர்களுக்குப் பிரிக்கப்படும். 1913இல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஜூலியஸ் இதற்கென்று கணக்கிடும் பொறியை நிறுவினார். அவர் அதைத் தேர்தலில் வாக்கெண்ணவே வடிவமைத்தாராம். வாங்க ஆளில்லாமல் பந்தயத் திடலுக்கு வந்தது. கிண்டிக்குப் போய்வந்தவர்கள் 'டோட்' என்று சொன்னது இந்த முறையைத்தான்.

இந்த மாற்றத்தை வெறும் வசதி என்று கடந்துவிடக் கூடாது. புக்கியோடு ஆடும்போது எதிராளி ஒருவன். அவன் பிழை செய்தால் நமக்கு லாபம். தொகுப்பு முறையில் எதிராளி, பக்கத்தில் நின்று சீட்டு வாங்கும் மனிதர். ஒருவர் ஜெயிக்கும் பணம் இன்னொருவர் வீட்டிலிருந்து வந்தது. நடத்துபவருக்கு யார் வென்றாலும் ஒன்றுதான்.

1956இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி, தகவல் கோட்பாட்டை விளக்க வந்த கட்டுரையொன்றில், கையிலுள்ள பணத்தில் எத்தனை பங்கைப் பணயம் வைக்கலாம் என்பதற்கு ஒரு வாய்பாடு தந்தார். வாய்பாட்டை இங்கே எழுதி இலக்கிய வாசகர்களை விரட்ட விரும்பவில்லை. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒரு குதிரை வெல்ல நான்கில் ஒரு வாய்ப்பு உண்டென்று நாம் கணித்திருக்கிறோம். கொடுக்கும் விகிதம் ஒன்றுக்கு நான்கு. கையில் 100 ரூபாய் இருந்தால் கெல்லி சொல்லும் விடை, 6 ரூபாய் 25 காசு. அவ்வளவே. அதே குதிரை, அதே கணிப்பு. ஆனால் பந்தயம் தொடங்குமுன் விகிதம் ஒன்றுக்கு மூன்றாக இறங்கிவிட்டது. இப்போது விடை பூச்சியம். குதிரைமேல் நமக்கிருந்த மதிப்பு இம்மியும் குறையவில்லை. ஆனாலும் கையைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது. தக்கை வெட்டும் தொழிலாளி அனுபவத்தில் கண்டதை, ஐம்பது ஆண்டுக்குப் பின் கணிதம் எழுதிக் காட்டியது. பொறுமையும் வளைந்துகொடுத்தலும் இரண்டு தனிக் குணங்கள் அல்ல, ஒரே கணக்கின் இரண்டு விடைகள் என்பது இங்கே தெளிவாகிறது.

இக்கணக்கைக் கடைசிவரை கொண்டுசென்றவர்களில் ஒருவர், தற்செயலாக, பிட்ஸ்பர்க் பகுதியிலேயே வளர்ந்தவர்: பில் பென்டர். லாஸ் வேகாசில் சீட்டுகளை நினைவில் எண்ணி ஆடியதால் சூதாட்ட விடுதிகள் அவரை உள்ளே விடவில்லை. அதே காரணத்தால் விரட்டப்பட்ட ஆஸ்திரேலியர் ஆலன் வுட்ஸுடன் சேர்ந்து 1980களின் நடுவில் ஹாங்காங் போனார். அவர்கள் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. ஹேப்பி வேலி, ஷா டின் என இரண்டே திடல்கள். ஏறத்தாழ அதே குதிரைகள் திரும்பத் திரும்ப ஓடும். தொகுப்பிலோ உலகின் மிகப் பெரிய பணயத் தொகைகளில் ஒன்று. 1846 முதல் பந்தயம் நடக்கும் ஊர் அது. குதிரைகளின் பழைய ஓட்டங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றின் வாய்ப்பையும் மதிப்பிட்டார்கள். தொடக்கத்தில் கொண்டுபோன பணத்தின் பெரும்பகுதி போயிற்று. இருவரும் சில ஆண்டுகளில் பிரிந்து, தனித்தனிக் குழுக்களாகப் பெரும் பணம் ஈட்டினார்கள். வுட்ஸ் 2008இல் காலமானார்.

பென்டர் 1994இல் தம் முறையை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். அதில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்றுண்டு. தம் கணினியின் மதிப்பீட்டை மட்டும் நம்பியபோது, அது தன் சாதகத்தை மிகைப்படுத்திக் காட்டியது. பொதுமக்கள் வைத்த பணத்தால் உருவாகும் விகிதத்தையும் ஒரு சான்றாகச் சேர்த்து, இரண்டையும் கலந்தபிறகுதான் கணக்கு நிலைபெற்றது. கூட்டம் முட்டாள் என்று எண்ணித் தொடங்கியவர், கூட்டத்துக்குத் தமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அதையும் சூத்திரத்துக்குள் இடம்பெறச் செய்தார். கெல்லி சொன்ன அளவில் ஒரு பகுதியை மட்டுமே வைப்பது நல்லது என்றும் எழுதினார். கணிப்பிலேயே பிழை இருக்கலாமல்லவா? தொகுப்பு முறையில் இன்னொரு தளையும் உண்டு. பெரும்பணத்தை ஒரு குதிரைமேல் வைத்தால், அப்பணமே விகிதத்தைக் கீழே இழுத்துவிடும். பிட்ஸ்பர்க் ஃபில் ஆட்களை அனுப்பி ஒளிந்துகொண்டார். தொகுப்பிலிருந்து ஒளிய முடியாது. தன் நிழலைத் தானே மிதிக்காமல் நடக்க வேண்டும்.

இவர்களுக்கு எதிர்முனையில் நிற்பவர் யார்? இதற்கும் ஆய்வு உண்டு. 1949இல் கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பந்தயங்களின் விகிதங்களையும் முடிவுகளையும் ஒப்பிட்டு, வெல்ல வாய்ப்பே அரிதான குதிரைகள்மேல் மக்கள் தகுதிக்கு மீறிப் பணம் வைக்கிறார்கள் என்று காட்டினார். 1956இல் மெக்லாத்லின், இந்தச் சாய்வு நாளின் கடைசிப் பந்தயத்தில் கூடுகிறதென்று கண்டார். இந்தச் செய்தியைப் படித்தபோது, புள்ளிவிவரம் என்பதே ஒரு வகை இலக்கியம்தான் என்று தோன்றியது. காலையிலிருந்து தோற்றவர், பஸ்ஸுக்குப் பணம் மிஞ்சியிருக்கிறது, இதுவே கடைசி வாய்ப்பு. நல்ல குதிரை ஜெயித்தால் போனதில் சிறிதுதான் திரும்பும். ஆகவே ஒன்றுக்கு முப்பது தரும் நொண்டிக் குதிரை. தருமன் ஒருமுறை தோற்று, எல்லாம் திரும்பக் கிடைத்த பின்னும் மறுபடி அழைத்ததும் போய் உட்கார்ந்தானே, அந்த மனம். ஹாங்காங்கில் பென்டர் ஈட்டியதும், நியூயார்க்கில் ஸ்மித் சேர்த்ததும், இந்த மனிதரின் பணத்திலிருந்துதான் பெரும்பாலும் வந்தது. காத்திருப்பவனுக்குக் கூலி கொடுப்பது காத்திருக்க முடியாதவன். காத்திருக்க முடியாமைக்குக் குணக்கேடு மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லவேண்டும். பத்துப் பந்தயங்களை விட்டுக்கொடுத்துப் பதினோராவதற்கு வர, பையில் பணம் வேண்டும், வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வரலாம். ஏனென்றால் திறமையா தற்செயலா என்ற கேள்வியை இந்தியாவில் தீர்த்துவைத்த வழக்கு கிண்டியிலிருந்து போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சென்னையில் குதிரைகள் ஓடின. சென்னை ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 1949இல் ஒரு திருத்தச் சட்டம், 1974இல் மு. கருணாநிதி முதல்வராயிருந்தபோது பந்தயத்தையே ஒழிக்கும் சட்டம், 1986இல் கிளப்பைக் கையகப்படுத்தும் சட்டம் என்று அரசு மும்முறை முயன்றது. ஏழைக் குடும்பங்கள் அழிகின்றன என்பதே ஒழிப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். அது பொய்க் காரணமன்று. 1996 ஜனவரியில், கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குல்தீப் சிங் எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு, குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம், சூது அன்று என்றது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி, சுமக்கும் எடை, தூரம் எல்லாம் அறியத்தக்கவை. அறிந்தவர் கணித்துப் பணம் வைக்கிறார் என்பது அதன் வாதம்.

தீர்ப்பைப் படிக்கையில், பிட்ஸ்பர்க் ஃபில்லை நேரில் கண்டு எழுதியதுபோல் இருக்கிறது. அவர் அளவில் அது முழு உண்மை. ஆனால் நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது குதிரையை அறியும் திறமையை மட்டுமே. விகிதத்தை மறுக்கும் திறமை, பூச்சியம் என்ற விடையை ஏற்று வீடு திரும்பும் திறமை ஆகியவை அங்கே பேசப்படவில்லை. சீட்டு வாங்கும் சாளரத்தில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது என்பதும் கேட்கப்படவில்லை. அரசு பார்த்தது கடைசிப் பந்தயத்து மனிதரை. நீதிமன்றம் பார்த்தது நிபுணரை. இருவரும் நின்றது ஒரே வரிசையில். ஒருவரில்லாமல் மற்றவர் இல்லை என்பதால், இரு தரப்பும் சொன்னது பாதியே என்று நமக்குப் படுகிறது.

பிறகு நடந்தது விசித்திரமானது. 2023 அக்டோபரில் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத் திருத்தம், குதிரைப் பந்தயத்தைச் சூதாட்ட விடுதி, பரிசுச்சீட்டு, இணையவழிப் பண ஆட்டம் ஆகியவற்றோடு ஒரே பந்தியில் உட்காரவைத்து, பணயத்தின் முழு மதிப்பின்மீதும் 28 விழுக்காடு வரி என்றது. திறமை என்று 1996இல் பிரித்துவைத்ததை வரி மறுபடி சேர்த்துவிட்டது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, 1945இல் 99 ஆண்டுகளுக்குக் கொடுத்த குத்தகையை ரத்துச் செய்து, கிண்டித் திடலுக்கு முத்திரை வைத்தது; அதற்கான காரணம் வாடகைப் பாக்கி, சூதன்று. 2025 செப்டம்பர் 22 முதல் வரி 40 விழுக்காடாயிற்று.

மேலே சொன்ன அதே குதிரையை எடுத்துக்கொள்வோம். நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம். வாழ்நாளில் அரிதாகக் கிடைக்கும் சாதகம். 100 ரூபாய் வைத்தால் சராசரியாகத் திரும்பி வருவது 125. வரி 28 ஆக இருந்தபோது கையிலிருந்து போனது 128, இப்போது 140. கெல்லியின் கணக்கில் இரண்டுக்கும் விடை பூச்சியம்தான். கணக்குத் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். கடைசிப் பந்தயத்தில் நொண்டிக் குதிரைமேல் வைப்பவரிடம் அந்த வாய்பாடு ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே அவருக்கு நிற்கக் காரணமுமில்லை.